எட்டு வேனுக்கு ஒரு மாப்பிள்ளை

காலை நல்லா நீட்டிக்கிடுங்க தம்பி. சாக்குல இருக்கிறது சுடாது, கடிக்காது. சைலன்சர்தான். வேன் சைலன்சர். ஏறும்போதே கண்டக்டர் மூஞ்சியைச் சுளிச்சுட்டு, இதுக்கு லக்கேஜ் போடணும்னார். போடுங்கன்னுட்டேன். எனக்கு ஒரு டிக்கெட், இவருக்கு ஒரு டிக்கெட். இவருக்குப் பேர்கூட உண்டு. மாப்பிள்ளை. எங்க ஸ்டாண்டுல நாங்க எட்டு டிரைவர். எங்களைத் தவிர இந்தப் பேரு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எட்டுன்னா சொன்னேன்? ஏழு. இப்ப ஏழுதான்.

நீங்க எது வரைக்கும்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இந்த பஸ் இரைச்சல்ல ஒண்ணும் விழ மாட்டேங்குது. அம்பாசமுத்திரமா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாலேயே ஆழ்வார்குறிச்சியில இறங்கிருவேன். அங்கதான் ஆவுடையப்பன்னு ஒருத்தன் இப்ப மக வீட்டோட இருக்கான். அவன் வாசல்ல இதை இறக்கிப் போட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிருவேன். அவன் பொருள் அவன்கிட்டப் போகட்டும். முப்பது வருசச் சேக்காளி தம்பி. கூடப்பிறந்தவன்கிட்டச் சொல்லாததை எல்லாம் அவன்கிட்டச் சொல்லியிருக்கேன். அவன்தான் எங்க அத்தனை பேரையும் காட்டிக் கொடுத்தான்.

முதல்ல இருந்து சொல்லுதேன்.

என் பேரு கொம்பையா. குற்றாலம் போற ரோட்டுல ஒரு வளைவு இருக்கு, அங்கன எங்க வேன் ஸ்டாண்டு. சீசன் வந்துட்டா அருவிக்குக் கூட்டத்தைக் கொண்டு விடணும், கூட்டியாரணும். மத்த நாள்ல கல்யாணம், காதுகுத்து, துட்டி வீடு, அதான் சாவு வீடு. எட்டு வேனும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒண்ணோட போல்ட் இன்னொண்ணுக்குச் சேரும். ஒண்ணுல விளக்கு போச்சுன்னா இன்னொண்ணுல கழட்டி மாட்டிட்டுப் போவோம். ஒரு வீட்டுப் பிள்ளைங்க சட்டையை மாத்திப் போட்டுக்கிட மாட்டாங்களா, அது மாதிரி.

கம்பெனிக்காரன் கொடுக்கிற சைலன்சர் இருக்கு பாருங்க, அதுக்கு உள்ள தகரத் தடுப்பு இருக்கும். சத்தம் அதுல முட்டி மோதி, களைச்சுப் போய்த்தான் வெளிய வரும். எங்களுக்குச் சாகுல்னு ஒரு வெல்டிங்காரர் உண்டு. வயித்தை அறுத்து, தடுப்பை எல்லாம் உருவிட்டு, ஒரு நேர் குழாயைச் சொருகி ஒட்டித் தந்திருவார். அதுக்கப்புறம் வண்டி பேசுற பேச்சே வேற தம்பி. என் வண்டி மேட்டுல திரும்பும்போதே என் வீட்டுக்காரி செண்பகம் தோசைக்கல்லை அடுப்புல வச்சிருவா. நான் கையைக் கழுவிட்டு உட்காரும்போது முதல் தோசை இலையில விழும். சீசன் கூட்டத்துல நான் ஹாரனைத் தொட்டதே இல்லை. எல்லாம் தானா ஒதுங்கும். குழந்தைகளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஒதுங்குவாங்க. அப்படி ஒரு மரியாதை.

ஆனா எஃப்.சி.ன்னு ஒண்ணு இருக்கே. வாடகைக்கு ஓடுற வண்டி ரோட்டுல ஓடத் தகுதியாத்தான் இருக்குன்னு பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்லணும். எங்களுது மாதிரிப் பழைய வண்டிக்கு வருசா வருசம். பிரேக்கைப் பார்ப்பாங்க, விளக்கைப் பார்ப்பாங்க, டயரு, புகை, பின்னால ஒட்டுற சிவப்பு ஸ்டிக்கர் வரைக்கும் பார்ப்பாங்க. கம்பெனி கொடுத்ததுல கையை வச்சிருந்தா அன்னைக்கு அந்த வண்டி ஃபெயில். அறுத்த சைலன்சரோட உள்ள போனோம்னா, இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு வரவே வேண்டாம். நாற்காலியில உட்கார்ந்தே ஃபெயில் போட்டுருவார்.

அதுக்குத்தான் மாப்பிள்ளை.

அறுக்காத, ஒழுங்கான கம்பெனி சைலன்சர் ஸ்டாண்டுக்கே இது ஒண்ணுதான். ஆவுடையப்பனோட பழைய வேன்ல இருந்தது. அந்த வேனை அவன் உடைக்கக் கொடுத்தப்போ, 'இது இருக்கட்டும் வே, பொதுவுல கிடக்கட்டும்'னு கழட்டி வச்சான். எந்த வண்டிக்கு எஃப்.சி. வருதோ, அதோட சைலன்சரை இறக்கிட்டு இதை ஏத்துவோம். வெள்ளி பெயிண்ட் அடிச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஒரு எலுமிச்சம்பழம் சுத்தி அனுப்புவோம். பாஸானதும் நேரா சாகுல் பட்டறை. இதை இறக்கித் துடைச்சு, சாக்குல சுத்தி, டீக்கடை மச்சுல போட்டுருவோம். அடுத்த எஃப்.சி. வர்ற வரைக்கும் அங்கனதான் தூக்கம். மாப்பிள்ளைன்னு பேரு வச்சதும் ஆவுடையப்பன்தான். 'ஒரு நாள் அலங்காரம், ஒரு நாள் உபசாரம், மறுநாள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. வேற என்ன பேரு வைக்க?'ன்னான்.

ஏமாத்துன்னு நினைச்சிராதீங்க தம்பி. கல்யாணத்துக்குப் போறப்போ பக்கத்து வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போட்டுக்கிட்டுப் போறாங்களே, அது ஏமாத்தா? கூப்பிட்டவங்களுக்கு நாம கொடுக்கிற மரியாதை. இன்ஸ்பெக்டருக்கு நாங்க கொடுத்ததும் அந்த மரியாதைதான்.

இதுல ஒரு பள்ளம் இருக்கு. சாக்கை விலக்கிக் காட்டுதேன், பாருங்க. இந்தா, குழாய் சேருற பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு. என் மக கல்யாணத்துக்கு ஆவுடையப்பன்தான் சமையல் பாத்திரத்தை எல்லாம் ஏத்திட்டு வந்தான். வாய்க்கால் பாலத்துல ஏத்தி அடிச்சுட்டான். இறங்கிப் பார்க்கக்கூட இல்லை. 'சாம்பார் அண்டா நெளிஞ்சாத்தான் வே கவலை, இது நெளிஞ்சா என்ன'ன்னு ஓட்டிட்டே வந்து சேர்ந்தான். இத்தனை வருசத்துல எந்த இன்ஸ்பெக்டரும் அந்தப் பள்ளத்தைக் கண்டுக்கிட்டதே இல்லை.

நீங்க சிரிக்க மாட்டேங்கீயளே. பங்குனி உத்திரத்துக்கு எங்க சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு இதே பஸ்லதான் திரும்பி வந்தேன். உங்களை மாதிரித்தான், பக்கத்துல ஒருத்தர். அவர் ரசிச்ச ரசனை இருக்கே. மேல கட்டம் போட்ட சட்டை, கீழ காக்கி பேண்ட். எங்கேயோ வாட்ச்மேனா இருக்கார் போல, பாவம், நின்னு நின்னு கால் வீங்குமேன்னு நினைச்சுக்கிட்டேன். பையில இருந்த கடலை மிட்டாயைப் பிட்டுக் கொடுத்தேன். இந்தக் கதையைச் சொன்னதும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். 'ஒரே சைலன்சரா அண்ணாச்சி, எட்டு வண்டிக்குமா? அந்தப் பள்ளம் எந்தப் பக்கம்னு சொன்னீய?'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டார். 'எங்க ஆளுங்ககிட்டச் சொன்னா நம்பவே மாட்டாங்க'ன்னார். ஒருத்தர் அப்படி ஆசையாக் கேட்டா நமக்கும் சொல்லத் தோணும்லா? சொன்னேன். எங்க ஸ்டாண்டு எங்க இருக்கு, என் வண்டி நம்பர் என்னன்னும் சொன்னேன், ஒரு நாள் டீ குடிக்க வாங்கன்னேன். வர்ற வழியில ஆபீசுங்களா இருக்கிற ஸ்டாப்புல இறங்கிப் போயிட்டார். நல்ல மனுசன்.

சரி, விசயத்துக்கு வாறேன்.

வைகாசியில என் வண்டிக்கு எஃப்.சி. சீசனுக்கு முன்னால முடிச்சிரணும்னு, மாப்பிள்ளையை ஜோடிச்சு மாட்டி, எஃப்.சி. பார்க்கிற கிரவுண்டுக்குப் போனேன். பழைய இன்ஸ்பெக்டர் மாறிப் போயிட்டார். புதுசா ஒரு அம்மா. என் மக வயசுதான் இருக்கும். ஜீப்ல வந்து இறங்குச்சு. வரிசையில முன்னால நின்ன வண்டிக்கெல்லாம் பிரேக்கைப் பார்த்துச்சு, விளக்கைப் போடச் சொல்லிச்சு. என் வண்டிக்கிட்ட வந்ததும் ஒண்ணையும் பார்க்கலை. நம்பரைப் பார்த்துச்சு. நேரா பின்பக்கம் போச்சு. குனிஞ்சு, சேலை கட்டுற பிள்ளைன்னா முந்தானை மண்ணுல பட்டிருக்கும், அது காக்கி யூனிபார்ம், முட்டி போட்டே உட்கார்ந்து, கையை உள்ள விட்டு இந்தப் பள்ளத்தைத் தடவிச்சு தம்பி. சரியா இந்தப் பள்ளத்தை.

கையைத் துடைச்சுக்கிட்டே எந்திரிச்சு, 'பெரியவரே, இந்த மாப்பிள்ளை இதுவரைக்கும் எத்தனை வண்டிக்குத் தாலி கட்டியிருக்கார்?'னு கேட்டுச்சு.

வரிசையில நின்ன அத்தனை டிரைவரும் சிரிக்கான்.

'என்னம்மா கேக்கீய?'ன்னேன்.

'பேரு சரிதானே? மாப்பிள்ளைதானே?'ன்னுச்சு.

திட்டலை, அதையும் சொல்லிரணும். அபராதம் போட்டிருக்கலாம், அதுவும் போடலை. என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'வண்டிக்கு வண்டி சொந்தமா கம்பெனி சைலன்சர் மாட்டிட்டு வாங்க. உங்க ஸ்டாண்டு வண்டி அத்தனையும் வரணும். அது வரைக்கும் ரோட்டுல பார்த்தேன்னா நிறுத்திருவேன்'னுச்சு. அப்புறம் கொஞ்சம் பைய, 'சத்தம் மட்டும் இல்லை பெரியவரே. அறுத்து ஒட்டின இடத்துல புகை கசிஞ்சு வண்டிக்குள்ள ஏறும். பின் சீட்டுல சின்னப் பிள்ளைங்க உட்காருது'ன்னுச்சு. அது படிச்சதைச் சொல்லுது, சொல்லட்டும். என் வண்டியில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை. பின் சீட்டுப் பிள்ளைங்க வாந்தி எடுக்கும், அது வளைவு ரோடு. எடுக்கத்தான் செய்யும்.

ஜீப் நிழல்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஜீப் டிரைவரை எங்கேயோ பார்த்த முகமா இருந்துச்சு. நம்ம பக்கத்து ஆளுபோலன்னு, 'தம்பிக்கு எந்த ஊரு?'ன்னேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். அவருக்கு என்ன கஷ்டமோ. பையில கடலை மிட்டாய் கிடந்துச்சு, நீட்டினேன். வாங்கலை. 'வேண்டாம் அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணெல்லாம் ஒரு மாதிரி கலங்கிப்போய். எனக்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் அன்னைக்கு அவர்தான்.

வண்டியை அங்கனயே விட்டுட்டு ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன். வழி பூரா ஒரே யோசனை. பள்ளம் தெரியும். பேரு தெரியும். ஸ்டாண்டு தெரியும். எங்க எட்டு பேர் வாயைத் தாண்டாத பேரு. செண்பகத்துக்கே நான் சொன்னதில்லை. சாகுல் சொல்ல மாட்டார், அவர் பொழப்பே அதுல இருக்கு. அப்போ யாரு?

யோசிக்க யோசிக்க ஒரு ஆளுதான் வந்து நின்னான்.

ஆவுடையப்பனுக்கு மாசியில பேரன் பிறந்திருந்தான். மக பிரசவத்துக்கு வந்திருந்தா. அவன் வீடு ஸ்டாண்டுக்கு எதுக்க. ஒரு நாள் என் ஜன்னல்கிட்ட வந்து நின்னான். 'கொம்பையா, வீட்டைத் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் பைய விடு வே. பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதான்.' நான் சிரிச்சுட்டேன். 'இந்தச் சத்தத்துக்குத் தூங்கிப் பழகிட்டான்னா, நாளைக்கு இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான் வே'ன்னு சொல்லி, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சேன். விளையாட்டுக்குத்தான். அவன் சிரிக்கலை. உள்ள பிள்ளை அழுறது கேட்டுச்சு, போயிட்டான். அடுத்த வாரம் பார்த்தா, அவன் வண்டிக்குப் புதுசா கம்பெனி சைலன்சர் மாட்டிட்டு வந்து நிக்கான். எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கலை. பூனை மாதிரி வருது வண்டி. 'என்ன வே, வண்டிக்குத் தொண்டை கட்டிருச்சா?'ன்னு எல்லாரும் கேலி பண்ணினோம். அதுக்கும் சிரிக்கலை.

இப்ப நீங்களே சொல்லுங்க. எட்டு வண்டியில அந்த அம்மா கையில மாட்டாத வண்டி அவன் வண்டி ஒண்ணுதான். வேற யாரு சொல்லியிருப்பா?

எங்க ஸ்டாண்டுல ஒரு பழக்கம். டீக்கடைச் சுவத்துல வரிசையா எட்டு ஆணி. ஆளுக்கு ஒரு தகரத் தட்டு, அதுல வண்டி நம்பர். முதல் ஆணியில எவன் தட்டோ, அவனுக்கு அடுத்த சவாரி. போயிட்டு வந்தா கடைசி ஆணி. அதுல ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஒருத்தன் தட்டை இன்னொருத்தன் தொட மாட்டான்.

அன்னைக்கு நான் தொட்டேன். எல்லாரும் இருக்காங்க, ஆவுடையப்பன் டீ குடிச்சுட்டிருக்கான். அவன் தட்டைக் கழட்டி அவன் முன்னால பெஞ்சுல போட்டேன்.

'என்ன கொம்பையா இது?'ன்னான்.

'உன் பேரன் தூங்கணும்னு எங்க ஏழு பேர் சீசனைத் தூங்க வச்சிட்டியே வே'ன்னேன்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தான். டீ ஆடை கட்டிருச்சு.

'நான் சொல்லலை வே'ன்னான்.

'அப்போ மாப்பிள்ளைங்கிற பேரு ரெக்கை கட்டிப் பறந்து போச்சாக்கும்?'

'அந்தப் பேரை வச்சவன் நான். நான் போய்ச் சொல்லுவேனா?'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். வேற யாராவதுன்னா சாமி மேல சத்தியம் பண்ணியிருப்பான், பிள்ளை தலையில அடிச்சிருப்பான், என் சட்டையைப் பிடிச்சிருப்பான். இவன் ஒண்ணும் பண்ணலை. தப்பு செய்யாதவன் அப்படி உட்கார்ந்திருப்பானா? என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் தட்டை எடுத்து வேட்டியில துடைச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சான். பாதி டீ அப்படியே இருந்துச்சு. ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள்ள போயிட்டான்.

சீசன்ல பாதி எங்களுக்குப் போச்சு தம்பி. கம்பெனி சைலன்சர் வந்து சேர ஒரு பாடு, மறுபடி எஃப்.சி.க்கு வரிசையில நிக்க ஒரு பாடு. அருவியில தண்ணி கொட்டுது, ரோடு நிறையக் கூட்டம் போகுது, நாங்க வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு உட்கார்ந்திருக்கோம். ஆவுடையப்பன் நினைச்சிருந்தா அத்தனை சவாரியையும் அவன் ஒருத்தனே அள்ளியிருக்கலாம். அள்ளலை. வேனை வித்துட்டு மக வீட்டோட போயிட்டான். ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுதானாம். குற்றமுள்ள நெஞ்சு, அங்க நிக்க முடியலை. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

இப்ப எல்லா வண்டியும் பூனைதான். நான் வீட்டுக்குப் போனா செண்பகம் திடுக்கிட்டுத் திரும்புதா. 'எப்ப வந்தீய? சத்தமே கேக்கலையே'ங்கா. தோசைக்கு உட்கார்ந்து காத்துக்கிட்டிருக்க வேண்டியிருக்கு. இன்னொண்ணு, பின் சீட்டுல இப்ப ஒரு பிள்ளையும் வாந்தி எடுக்கிறதில்லை. அந்த வளைவுல ரோட்டை நல்லாப் போட்டுட்டாங்க போல.

தட்டு ஏழாயிட்டதுல எட்டாவது ஆணி, அவன் ஆணி, அப்படியே கிடக்கு. அதைப் பிடுங்கிரலாம்னு பயலுவ சொன்னாங்க. கையை ஒடிச்சிருவேன்னேன். காலியாக் கிடக்கட்டும். பார்க்கும்போதெல்லாம் அவன் செஞ்சது ஞாபகம் வரணும்லா? அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்லை.

இந்தப் பையில என்னன்னா? மங்குஸ்தான் பழம். சீசன் பழம். அது செண்பகம் கொடுத்துவிட்டது, அவன் மக திம்பாளாம். நான் கொண்டு போக மாட்டேன்னுதான் சொன்னேன். கனிஞ்சதாப் பார்த்துப் பொறுக்கினது மட்டும் நான். அவளுக்குப் பொறுக்கத் தெரியாது.

என்ன தம்பி, என்னமோ வாயெடுத்துட்டு நிறுத்திட்டீய? சத்தமாச் சொல்லுங்க. முன் சீட்டு அண்ணாச்சியும் திரும்பித் திரும்பிப் பார்க்கார், அவருக்கும் கேட்கட்டும்.

யாரு, பங்குனியில பக்கத்துல வந்தவரா? அவருக்கும் இதுக்கும் என்ன?

ஜீப்பா?

காக்கி பேண்ட் ஊருல எத்தனையோ பேர் போடுதாங்க தம்பி. போஸ்ட்மேன் போடுதார். இந்தா, நம்ம கண்டக்டர் போட்டிருக்கார். இல்லை தம்பி. அவர் சிரிச்ச சிரிப்பு நீங்க பார்க்கலை. என் கையால வாங்கித் தின்னுட்டு, அப்படி மனசுவிட்டுச் சிரிச்ச ஆளு போய்ச் சொல்லுவானா? கூட இருக்கிறவன்தான் சொல்லுவான். கூடவே இருந்தவன்தான்.

இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. காத்து மூஞ்சியில அடிக்குது.

என்னையே பார்த்துக்கிட்டிருந்தான் தம்பி. திட்டியிருக்கலாம்லா?

அந்தா, ஸ்டாப் வந்துட்டு. சாக்கைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. பைய, பைய. அந்தப் பள்ளம் இருக்கிற பக்கம் கீழ இடிச்சிராம. பழத்தையும் எடுத்துக் கொடுங்க. வாசல்ல வச்சுட்டு வந்துரப் போறேன், அவ்வளவுதான். அவனா வந்து கதவைத் திறந்தா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

நீங்க என்ன சோலி பார்க்கீயன்னு நான் கேட்கவே இல்லை பாருங்க. இருக்கட்டும். மாப்பிள்ளைங்கிற பேரை மட்டும் வெளியில எங்கேயும் சொல்லிராதீங்க தம்பி. அது எங்க எட்டு பேருக்குள்ள உள்ளது.